தண்டல் வீட்டுக்குக் கொண்டுபோன அரிசி

பேருந்தில் என் காலடியில் பத்துக் கிலோ அரிசிப் பை. மடியில் ஒரு கட்டைப் பை. அதற்குள் துவரம்பருப்பு, கடலை எண்ணெய், பிள்ளைகளுக்கென்று இரண்டு பொட்டலம் ரொட்டி. தூத்துக்குடியிலிருந்து கீழவைப்பார் போகிற வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "பிலோமி, ஒண்ணும் ஆயிருக்காது, தைரியமா இரு."

சொல்லச் சொல்ல எனக்கே அதில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. தருவைக்குளம் தாண்டியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மாள், "வயிறு புரட்டுதாம்மா?" என்று எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டினாள். வாங்கி முகர்ந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

பிலோமி, அருளப்பனின் மனைவி. அருளப்பன் தோணித் தண்டல். சரக்குத் தோணியை ஓட்டிப்போகிற தலைவரை எங்கள் பக்கம் தண்டல் என்போம். என்னைவிடப் பத்து வயது இளையவர்தான், நேரில் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஆனாலும் ஒரு தண்டலை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வராது. அவர் மாலத்தீவுக்கு ஓட்டிப்போன தோணியிலிருந்து பதினோரு நாளாகத் தகவல் இல்லை. கூட எட்டுப் பேர். அந்தத் தோணியில் என் ஷெட்டிலிருந்து போன தேங்காய் இரண்டு லாரிச் சரக்கு இருந்தது.

"வீட்டு ஆள்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு" என்று அந்தத் தோணியைக் குத்தகைக்கு எடுத்திருந்த சுதாகர் எங்கள் எல்லாரிடமும் வாக்கு வாங்கியிருந்தான். பத்து நாள் காப்பாற்றினேன். பதினோராம் நாள் முடியவில்லை. விஷயத்தைச் சொல்லாவிட்டாலும், சும்மா பார்க்க வந்தது மாதிரி போய் அரிசியை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

இதை எழுத வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். "ஊரே மறந்துபோச்சு. நீ எதுக்குப் போய் ஞாபகப்படுத்துத?" என்றார். ஊர் மறக்கவில்லை, என் முன்னால் பேசுவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். தேங்காய் வியாபாரத்தில் நான் கெட்டிக்காரி என்று போன சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் நானே அளந்துவிட்டிருக்கிறேன். வாசகர்களும் நம்பிக் கடிதம் போடுகிறீர்கள். ஆகவே இதையும் எழுதிவிடுவதுதான் மரியாதை.

கேட்கக்கூடாத பணம்

எங்கள் தோணி வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கைக் கடனுக்குத்தான் கொடுப்போம். தோணி போய், சரக்கை இறக்கி, திரும்பி வந்து கட்டியதும் பணம். அதற்கு நடுவில், தோணி கடலில் நிற்கும்போது, அந்தச் சரக்குக்கான பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டால் அது தோணிக்கு ஆகாது.

இது எந்தக் காகிதத்திலும் கிடையாது. என் அப்பா தோணிக்குத் தேங்காய் போட்ட காலத்திலிருந்தே இப்படித்தான். ஒருமுறை வீட்டில் அடுப்பெரிக்க வழியில்லாத நேரம், தோணிக்காரர் எதிரே வருகிறார். அப்பா அவரிடம் மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அம்மா அன்று அவரை ஏசிய ஏச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கேட்கக் கூடாது என்பதால் என்ன ஆகும் தெரியுமா? வெங்காயம் கொடுத்தவர், கூரை ஓடு கொடுத்தவர், தேங்காய் கொடுத்த நான், எல்லாரும் பணத்தைக் கேட்காமல் தோணியைத்தான் கேட்போம். "தோணி போய்ச் சேர்ந்துட்டா?" "காத்து எப்படி இருக்காம்?" கரையில் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும், என் ஷெட்டில் தேங்காய் உரிக்கிற பெண்கள் முதல் எல்லாரும் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். ஒன்பது பேர் கடலில் இருக்கிறார்கள் என்றால் இங்கே தொண்ணூறு பேருக்குச் சோறு இறங்காது. அதில் பணத்தின் பங்கு எவ்வளவு, பாசத்தின் பங்கு எவ்வளவு என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை.

வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் சிரிப்பார். ஆனால் எங்களுக்குத் தெரிந்து அதுவரை இதனால் யாரும் ஏமாந்ததில்லை. தோணி வரும், பணம் வரும். சில நேரம் தாமதமாகும், வராமல் இருந்ததில்லை.

இரண்டாவது மணியில் எடுப்பவன்

சுதாகர் எங்கள் ஊர்க்காரன் இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு ஊர் சொல்லியிருக்கிறான் என்பது பிற்பாடு சேர்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. அப்போது நானும் 'அவர், இவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பேனா கேட்க மாட்டேன் என்கிறது.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அலுவலகம் போட்டிருந்தான். ஒரு தோணியைக் குத்தகைக்கு எடுத்து, அருளப்பனைத் தண்டலாகப் போட்டு, மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்ப ஆரம்பித்தான். அது உண்மைத் தோணி, உண்மைச் சரக்கு. அந்த ஏழெட்டு நடையில் ஒரு பொய்யும் கிடையாது. தோணி திரும்பி வந்து கட்டிய அன்றைக்கே பணம் வந்துவிடும். ஒரு நடையில் நான்தான் கணக்குத் தப்பாகப் போட்டு அதிகமாக வாங்கிவிட்டேன் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனால், "இல்லக்கா, நீங்கதான் குறைச்சு வாங்கியிருக்கீங்க" என்று மேலே நானூறு ரூபாய் எடுத்து வைத்தான். அந்த நானூறு ரூபாயை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன் போட்டால் இரண்டாவது மணியில் எடுத்துவிடுவான். எனக்கு முழங்கால் வலி என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை ஞாபகம் வைத்து, அடுத்த தோணியில் ஒரு தைலம் வரவழைத்துக் கொடுத்தான். வந்தபோது 'எப்படி இருக்கீங்க' என்று பேசியவன், ஆறு மாதத்தில் 'எப்படி இருக்கிய' என்று பேச ஆரம்பித்தான். எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டானே என்று எங்களுக்கெல்லாம் பெருமை. எதற்காகக் கற்றுக்கொள்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தே அழுகலை ஒதுக்கிவிடுவேன். முப்பது வருஷப் பழக்கம். மனுசனை ஆட்டிப் பார்க்க எங்கே போவது?

அண்ணாச்சி கேட்டார், நான் சொன்னேன்

பால்பாண்டி அண்ணாச்சிக்கு வெங்காய மண்டி. அறுபதைத் தாண்டியவர். கடனே வாங்காதவர், கடனே கொடுக்காதவர். தோணிக்குப் போடுகிற சரக்கை மட்டும் வழக்கத்துக்காகக் கடனுக்குக் கொடுப்பார், அதுவும் தெரிந்த நாலு பேருக்கு.

ஒருநாள் மத்தியானம் என் ஷெட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தேங்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏளா கோமதி, அந்தச் சுதாகர் எங்கிட்டயும் சரக்குக் கேக்கான். ஆளு எப்படி?"

"தங்கமான ஆளு அண்ணாச்சி. பயப்படாமக் குடுங்க."

"நீ சொல்லுதியா?"

"நான் சொல்லுதேன்."

"அப்ப சரி" என்று கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

சுதாகரைப் பற்றி நான் யாரைக் கேட்டேன் தெரியுமா? ஓடு கொடுக்கிறவரைக் கேட்டேன். அவர் முட்டை கொடுக்கிறவரைக் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் ஒழுங்காகப் பணம் வந்துகொண்டிருந்தது, ஆகவே எல்லாரும் எல்லாரிடமும் நல்லபடியாகச் சொன்னோம். அவன் ஒருவருக்கும் ஜாமீன் கொடுக்கவில்லை. நாங்களே ஒருவருக்கொருவர் அவனுக்காக ஜாமீன் நின்றோம். சம்பளமில்லாத வேலைக்காரர்கள் மாதிரி அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சீசனின் கடைசி நடை

சித்திரை முடிந்தால் கடல் குணம் மாறிவிடும். ஆவணி வரைக்கும் தோணி ஓடாது. அந்த மூன்று நாலு மாதத்துக்கும் சேர்த்து அங்கே சரக்கு வேண்டும் என்பதால், கடைசி நடையில் எல்லாத் தோணிக்காரர்களும் கூடுதலாகத்தான் கேட்பார்கள். சுதாகரும் கேட்டான். வழக்கமாகக் கேட்பதைப் போல மூன்று மடங்கு.

"இங்க கட்டுறதுக்கு இடம் கிடைக்கலக்கா. ஒரே நெருக்கடி. தோணியைக் கொல்லத்துக்குக் கொண்டுபோயிட்டேன். லாரியில அனுப்புங்க, அங்கன ஏத்திக்கிடுவாவ."

நெருக்கடி என்னவோ உண்மைதான், சீசன் முடிவில் எப்போதும் அப்படித்தான். என்னிடம் அவ்வளவு காய் இல்லை. ஆத்தூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு நானே நேரில் போய், "தோணி வந்ததும் நான் பொறுப்பு" என்று சொல்லி வெட்ட வைத்தேன். அண்ணாச்சி மண்டியிலிருந்து மட்டும் மூன்று லாரி போனது. அவர் ஆயுளில் ஒரே ஆளுக்கு அவ்வளவு சரக்கு கடனாகக் கொடுத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தோணியில் மூட்டை ஏறுகிறது. அருளப்பன் கையை ஆட்டி யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறார். அடியில் ஒரு வரி: 'கிளம்பிட்டாங்க அக்கா, வேண்டிக்கோங்க.'

வேண்டிக்கொண்டேன்.

மெழுகுவர்த்தியும் டீசலும்

நாலாம் நாள் 'போய்ச் சேர்ந்துவிட்டது' என்ற செய்தி வர வேண்டும். வரவில்லை. ஐந்தாம் நாள் சுதாகரே கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, இன்ஜின்ல ஏதோ கோளாறுன்னு ஒருதடவை பேசினாரு தண்டல். அதுக்கப்புறம் தொடர்பே இல்ல."

உடனே மற்றவர்களுக்குப் போன் போட்டேன். அன்று சாயங்காலம் நாங்கள் ஆறேழு பேர் அவன் அலுவலகத்தில் கூடினோம். அவன் சவரம் செய்யாமல், சட்டை கசங்கி, நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். ஒருத்தர்கூடப் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. பேச எப்படி மனசு வரும்? "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான் அண்ணாச்சி கேட்டார். ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வரச்சொல்லி அவனைச் சாப்பிட வைத்ததும் அவர்தான்.

அதற்குப் பிறகு வந்த நாள்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது. போன் மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சிவன் கோயிலில் விளக்குப் போட்டேன். முட்டைக்காரர் தர்காவுக்குப் போய்வந்தார். ஒன்பது பேருக்காக மூன்று சாமியையும் தொந்தரவு செய்தோம்.

அதோடு விடவில்லை. தேடிப்போக ஒரு படகு அமர்த்தலாம் என்று யோசனை சொன்னது யார் தெரியுமா? நான்தான். டீசலுக்கு எங்களுக்குள்ளேயே வசூல் செய்து ஒரு கவரில் போட்டு அவனிடம் நீட்டினோம். "வேண்டாங்க, உங்க சரக்கே போச்சு" என்று இரண்டு தடவை தள்ளிவிட்டான். மூன்றாம் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். கீழே இறங்கி வரும்போது, "இப்படி ஒரு நல்லவனுக்கு இந்த நேரமா வரணும்" என்று நான் சொன்னேன். சொன்ன இடம்கூட ஞாபகமிருக்கிறது, மாடிப்படியின் கடைசிப் படி. இன்றைக்கும் அந்தத் தெருவழியே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அதிகாரிகளிடம் தகவல் சொல்லியாயிற்றா என்று அண்ணாச்சி ஒருதடவை கேட்டார். "எல்லா எடத்துலயும் எழுதிக் குடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றான். அதற்குமேல் யாரும் துருவவில்லை. துருவுவது பணத்தைக் கேட்பது மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம்.

கதவைத் திறந்தவர்

கீழவைப்பாரில் இறங்கி, அரிசிப் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, விசாரித்து விசாரித்துப் போனேன். பச்சைக் கதவு. வாசலில் பிள்ளைகளின் செருப்பு தாறுமாறாகக் கிடந்தது. உள்ளே மீன் குழம்பு கொதிக்கிற வாசனை. பாவம், ஒன்றும் தெரியாமல் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. பொய் சொல்லவும் தெரியாது, உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் தட்டினேன்.

கதவைத் திறந்தது அருளப்பன்.

தலையில் ஈரம் சொட்ட, தோளில் துண்டோடு நின்றார். "அட, அக்கா! என்ன இம்புட்டுத் தூரம்?" என்றார்.

அரிசிப் பை என் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓவென்று அழுதுவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. என் மகன் பிறந்தபோதுகூட வலியில் பாதி தெரியாமல் போய்விட்டது. இது முழுசாகத் தெரிந்த சந்தோஷம். ஆள் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார், கை சூடாக இருக்கிறது.

"சேசுவே! என்னாச்சுக்கா?" என்று பிலோமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"எப்படித் தம்பி தப்பிச்சு வந்தீங்க? மத்தவங்க? எட்டுப் பேரும் வந்துட்டாங்களா?"

"எங்கேருந்துக்கா தப்பிக்க?"

"கடல்லேருந்து."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருளப்பன் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நான் கடலுக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சுக்கா. அந்தாளு தோணியை மாசியிலேயே முதலாளிகிட்டத் திருப்பி விட்டுட்டான். எனக்கும் பயலுவளுக்கும் ரெண்டு நடைச் சம்பளம் பாக்கி. 'தந்துருதேன், வெளிய மட்டும் சொல்லாதிய, எம் பேரு கெட்டுரும்'னு கையைப் பிடிச்சிக்கிட்டான். நாங்களும் சொல்லல."

நான் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது கார்த்திகையில எடுத்தது. இந்தச் சட்டை கிழிஞ்சு, பிலோமி அடுப்படித் துணியாக்கிட்டா."

அப்போதும் எனக்கு உடனே உறைக்கவில்லை. ஒன்பது பேரும் பத்திரம் என்கிற நினைப்பிலேயே சிரித்துக்கொண்டிருந்தேன். பிலோமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில்தான் எனக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. தோணி போகவில்லை. அப்படியானால் லாரிகள்? என் இரண்டு லாரி? அண்ணாச்சியின் மூன்று லாரி?

அங்கேயே சுதாகருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரை அமுக்கினேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுங்கக்கா."

"தம்பி, தோணி ஏதும் தெரிஞ்சுதா?"

"இல்லக்கா. தேடிப்போன போட்டும் வெறுங்கையா வந்துட்டு. தண்டல் பிள்ளைகளை நினைச்சா எனக்குச் சோறே இறங்கலக்கா."

பிள்ளைகள் இரண்டும் நான் கொண்டுபோன ரொட்டியைப் பிரித்துத் தின்றுகொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தன.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "தம்பி, எம் பணத்தைக் குடுத்துரு."

 நிஜமாகவே மனசு நொந்த குரலில் சொன்னான்: "அக்கா, தோணி கடல்ல நிக்கி. நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு வரிக்காகத்தான் எனக்கு அவன்மேல் ஆத்திரம். பணத்தை எடுத்துக்கொண்டு போனான், போகட்டும். எங்கள் வழக்கத்தையே எடுத்து என் வாயை அடைத்தான் பாருங்கள்.

அருளப்பன் போனை என் கையிலிருந்து வாங்கினார். "ஏலே சுதாகரு, நான் இங்கன வீட்டுலதான் இருக்கேன். சோறு திங்கப் போறேன். நீ எங்கலே இருக்க?"

போன் அணைந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவே இல்லை.

என்னிடம் கேட்ட கேள்வி

திரும்பி வருகிற பேருந்தில் நான் எதையும் பார்க்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தேன். தோப்புக்காரர்களுக்கு நான் பொறுப்பு. அதை என்னத்தையாவது விற்று அடைத்துவிடலாம். அண்ணாச்சியிடம் என்ன சொல்வது? அவருக்கு நான் காகிதம் எழுதிக் கொடுக்கவில்லை. 'நான் சொல்லுதேன்' என்று சொன்னேன். அதைத் திருப்பி எடுப்பது எப்படி?

நேரே அவர் மண்டிக்குப் போனேன். வெங்காயச் சருகு பறந்துகொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"அப்ப அருளப்பன் உசுரோட இருக்கானா?"

"இருக்காவ அண்ணாச்சி."

"மத்தவனுவ?"

"எல்லாரும் வீட்டுல இருக்காவ."

"நல்லவேளை" என்றார். சொல்லிவிட்டு ஒரு வெங்காய மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.  பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீதானளா சொன்ன, நல்ல ஆளுன்னு?"

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த ஆளைப் பற்றியும் கேட்டதில்லை. ஊரில் வேறு யாரும் கேட்டதில்லை.

அலுவலகத்தைப் போய்ப் பார்த்தோம். மேசையும் நாற்காலியும் வாடகைக்கு எடுத்தவை. நாங்கள் போகும்போது கடைக்காரர் ஏற்றிக்கொண்டிருந்தார். சரக்கு கொல்லத்தின் பக்கமே போகவில்லை, பாதி விலைக்கு எங்கெங்கோ கைமாறிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு அங்கிருந்தவர் கேட்டார்: "பதினோரு நாளா நீங்க ஒருத்தர்கூட ஏன் பணம் கேக்கல?"

 தோணி கடலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம் சார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் எழுதிக்கொள்ள அவர்களிடம் ஏது இடம்?

அண்ணாச்சி மறு வருஷம் மண்டியை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு, அதே மண்டியில் கணக்குப் பார்க்கும் வேலைக்கு உட்கார்ந்தார். நான் வீட்டுமனையை விற்றுத் தோப்புக்காரர்களுக்குக் கொடுத்து முடித்தேன். சுதாகரை யாரும் பார்க்கவில்லை. வேறு ஏதோ கடற்கரையில், வேறு யாருடைய பேச்சையோ கற்றுக்கொண்டிருப்பான்.

முன்பணம்

இது நடந்து இரண்டு சீசன் கழித்து அருளப்பன் என் ஷெட்டுக்கு வந்தார். சின்னத் தோணி ஒன்றில் பங்கு போட்டிருந்தார். முதல் நடை. கூட பிலோமியும் வந்திருந்தாள்.

"அக்கா, ஒரு லாரி காய் வேணும். தோணி திரும்பினதும் தந்துருதேன்."

இவரை எனக்குத் தெரியும். இவர் செத்துவிட்டாரோ என்று பதினோரு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான். இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"இப்பல்லாம் முன்பணம்தான் தம்பி."

"எனக்குமாக்கா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிலோமிதான் சொன்னாள்: "இவுக செத்துட்டாவன்னு நெனைச்சு அரிசி கொண்டு வந்தியளே அக்கா. உசுரோட வந்து கேட்டா நம்ப மாட்டேங்கியளே."

 முகம் சுட்டது. அப்போதாவது 'எடுத்துட்டுப் போங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் முழுப் பணத்தோடு வந்தார்கள். எண்ணாமல் வாங்கி வைக்கத்தான் நினைத்தேன். எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன். அருளப்பன் வெளியே நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோணி கிளம்பியது. அதற்குப் பிறகு எனக்கு ஷெட்டில் வேலை சரியாக இருந்தது. ஒருநாள் பேச்சுவாக்கில், காய் உரிக்கிற ஒரு பெண்ணிடம், "அருளப்பன் தோணி எங்கே போய்ச் சேர்ந்துதாம்?" என்று கேட்டேன்.

"அவுக போய்த் திரும்பியே நாலு நாளாச்சுக்கா. வழியில பெரிய காத்தாம், தப்பிச்சதே பெருசாம். ஊரே பேசுது, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. பணம்தான் வந்துவிட்டதே, அதுவரை நான் யாரிடமும் தோணியைக் கேட்கவில்லை.